கினி பிக் வாங்கும் முன்: பெங்களூருவில் வளர்த்தவர்களின் அனுபவம்

தொம்மலூர் அம்மா

வணக்கம். மகள் நான்காம் வகுப்பு. நாய் வேண்டும் என்றாள், வீட்டு ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது தோழி வீட்டில் கினி பிக் (எலி வகையில் வாலில்லாத ஒரு சின்னப் பிராணி) பார்த்துவிட்டு வந்து எந்நேரமும் அதே பேச்சு. கடையில் விசாரித்தால், “முயல் மாதிரிதான் மேடம், ஒரு கேரட் போட்டால் போதும்” என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டாவது மாடி, ஒரு பெட்ரூம் வீடு, பகலில் மாமியார் மட்டும் இருப்பார். வளர்த்தவர்கள் யாராவது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

அல்சூர்க்காரன்

அக்கா, அந்தக் கேரட் பேச்சை நம்பாதீர்கள். இதற்குச் சாப்பாடு என்றால் புல்தான், மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. கினி பிக்கின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நார் நிறைந்த புல்லை நாள் முழுக்க மென்றால்தான் அது தேயும். குடலும் அப்படித்தான், உள்ளே ஏதாவது போய்க்கொண்டே இருக்க வேண்டும். டிமோதி என்று பாக்கெட்டில் வரும் காய்ந்த புல்லை ஆன்லைனில் மொத்தமாக வாங்கிவைக்கிறேன். மாட்டுக்குப் போடும் நெல் வைக்கோல் அதற்கு ஈடாகாது. சத்து குறைவு, முனை கண்ணில் குத்தும். குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் கால்சியம் அதிகம், குட்டிகளுக்கும் சினையாக இருப்பதற்கும் மட்டும்தான் அது.

பச்சைப் புல்லுக்கு இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூக்காரம்மாக்கள் பிள்ளையாருக்கு அருகம்புல் கட்டு வைத்திருப்பார்கள். தினமும் இரண்டு கட்டு வாங்குவேன். முதலில் கட்டியிருக்கும் வாழைநாரையும் நூலையும் ஒன்றுவிடாமல் எடுத்துவிடுவேன். நூல் வயிற்றுக்குள் போனால் வம்பு. பிறகு மூன்று தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி ஈரம் போனதும் போடுவேன். கவர் சரசரத்ததுமே இரண்டும் கூண்டுக் கம்பியில் முன்னங்காலை வைத்து நின்றுகொண்டு ‘வீக் வீக்’ என்று வீடே அதிரக் கத்தும். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர், குருவி வளர்க்கிறீர்களா என்று கேட்டார்!

அடுத்தது வைட்டமின் சி. மனிதனைப் போலவே இதற்கும் அதை உடம்புக்குள் தயாரிக்க முடியாது. தினமும் வெளியிலிருந்துதான் போக வேண்டும், ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை. இல்லாவிட்டால் ஸ்கர்வி வரும். மூட்டு வீங்கி, நடக்க மாட்டாமல், முடி சொரசொரவென்று ஆகிவிடும். கடையில் தண்ணீரில் கலக்கச் சொல்லி ஒரு சொட்டு மருந்து தருவார்கள். வெளிச்சம் பட்டால் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும், வாங்க வேண்டாம். ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி, எப்போதாவது சின்னதாக ஒரு கீற்று கொய்யா போதும். பாலக்கீரை தினமும் வேண்டாம், சிறுநீர்ப்பையில் கல் வைக்கும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடவே கூடாது. சோறு, பிரட், பிஸ்கட் எதுவும் வேண்டாம் என்று மாமியாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் பாசத்தில் ஊட்டிவிடுவார்கள்.

முருகேஷ்பாளையா அண்ணாச்சி

கடை விஷயம் நான் சொல்கிறேன் மேடம். ‘ரெண்டும் பெண்தான் சார்’ என்று உறுதியாகச் சொல்லித்தான் எனக்குக் கொடுத்தார்கள். கடையின் பெயர் வேண்டாம். கொஞ்ச நாளில் ஒன்றின் வயிறு இரண்டு பக்கமும் பலாக்காய் போலப் புடைத்தது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அடிவயிற்றை மெல்ல விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “குட்டிகள் அசைகிறது, அந்த இன்னொன்று ஆண், இன்றைக்கே பிரித்து வையுங்கள்” என்றார். ஏன் அவ்வளவு அவசரம் என்றால், குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாகிவிடும்.

சினைக்காலம் 59 முதல் 72 நாள். எலிக்குட்டி போல ரோமமில்லாமல் பிறக்காது. கண் திறந்து, முடியும் பல்லுமாகப் பிறந்து, அன்றைக்கே தாயின் பின்னால் ஓடும். எங்கள் வீட்டில் மூன்று குட்டிகள். என் பையன் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று கூண்டருகில் உட்கார்ந்துவிட்டான். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் பிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் தாயையும் தங்கையையும் சினையாக்கிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏழெட்டு மாதம் வரை குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிவிடும். அதற்குப் பிறகு முதல் சினை என்றால் குட்டி வெளியே வர வழியில்லாமல் தாயும் சேர்ந்து சாகலாம்.

அதனால் வாங்கிய அன்றே, வீட்டுக்குப் போகும் வழியிலேயே, ஆணா பெண்ணா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கடைகளுக்கு 2018இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. நாய், பூனை, முயலோடு கினி பிக் பெயரும் அதில் இருக்கிறது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. பதிவுச் சான்றைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் அந்தக் கடையே வேண்டாம். கடையை விட நல்ல வழி, வளர்க்க முடியாமல் கொடுப்பவர்களிடம் வாங்கிக்கொள்வது. இந்த ஊரில் வேலை மாறிப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆஸ்டின் டவுன்

ஒன்று மட்டும் வாங்காதீர்கள். கூட்டமாக வாழும் பிராணி, தனியாக இருந்தால் ஒடுங்கிப்போகும். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் ஒற்றைக் கினி பிக் வளர்ப்பதே சட்டப்படி தவறு. துணைக்கு முயலை விடுவதும் சரிப்படாது. முயலுக்கு ஒன்றும் செய்யாத கிருமி இதற்கு நிமோனியா கொடுத்துவிடும். இரண்டு பெண், அல்லது கருத்தடை செய்த ஆணோடு ஒரு பெண் நன்றாக ஒத்துப்போகும்.

விவேக்நகர் அக்கா

எல்லாரும் சொன்னது சரி. நான் மருத்துவர் விஷயம் ஒன்றுக்காகத்தான் எழுதுகிறேன். தயவுசெய்து இதை வாங்குவதற்கு முன்னால் செய்யுங்கள், வாங்கிய பிறகு அல்ல.

என் கினி பிக் முத்து ஒருநாள் காலையில் குரல் கொடுக்கவில்லை. மற்றது கொத்தமல்லிக்கு ஓடி வந்தது, இவன் மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புழுக்கை வழக்கமாக நீளமாக, ஈரப்பளபளப்போடு இருக்கும். அன்றைக்குச் சின்னதாக, காய்ந்துபோய் இருந்தது. சமையலறைத் தராசில் வாராவாரம் எடை போட்டு நோட்டில் எழுதுவேன், அந்த வாரம் எடையும் இறங்கியிருந்தது. தாடைக்குக் கீழே விரலை வைத்தால் ஈரம். கொத்தமல்லியை வாய்வரை வாங்குகிறான், மெல்ல முடியாமல் கீழே போட்டுவிடுகிறான்.

பக்கத்தில் நாய், பூனை பார்க்கும் கிளினிக் ஒன்று இருந்தது. அங்கே எழுதிய சீட்டில் அமாக்ஸிசிலின். நான் அங்கேயே நின்று, இது பென்சிலின் வகைதானே, கினி பிக்குக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, நீங்கள் இதைப் பார்த்துப் பழகியவர்களிடம் போவது நல்லது என்றார். பென்சிலின் வகை மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் இதன் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, கெட்டவை பெருகி, அந்த நஞ்சே ஆளைக் கொன்றுவிடும். நாய்க்கு நல்ல மருந்து இதற்கு எமன்.

அப்புறம் பறவை, முயல் எல்லாம் பார்க்கும் மருத்துவர் ஒருவரைத் தேடிப் போனோம். வாய்க்குள் சின்ன விளக்கை விட்டு எனக்கும் காட்டினார். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமிருந்தும் உள்பக்கமாக வளர்ந்து நாக்கின் மேல் மூடியிருந்தன. பசியிருந்தும் விழுங்க வழியில்லை. மயக்கம் கொடுத்து ராவிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பெல்லட்டை (கடையில் விற்கும் காய்ந்த குச்சித் தீவனம்) வெந்நீரில் ஊறவைத்து, கூழாக்கி வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக, முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் விட்டேன். நேராகத் தொண்டையில் அடித்தால் நுரையீரலுக்குப் போய்விடும். ராத்திரியும் சில மணிக்கு ஒருமுறை. வீட்டுக்காரரும் நானும் முறை போட்டு எழுந்தோம். பிழைத்துவிட்டான்.

அரை நாள் சாப்பிடவில்லை என்றாலே அவசரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் குடல் நின்றுவிடும். காட்டில் இரையாகிற பிராணி என்பதால் நோயைக் கடைசிவரை மறைக்கும், அதனால்தான் தராசு. இப்போதே போன் போட்டு, கினி பிக் பார்ப்பீர்களா, ஞாயிற்றுக்கிழமை இருப்பீர்களா என்று இரண்டு இடத்தில் கேட்டு வையுங்கள். ஹெப்பாலில் கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

ஸ்ரீராம்புரா

வெயிலை யாரும் சொல்லவில்லையே. பெங்களூரு குளிர்ந்த ஊர் என்பதெல்லாம் ஏப்ரலில் எடுபடாது. இதற்கு 18 முதல் 24 டிகிரி வரை சுகம், 28ஐத் தாண்டினாலே கஷ்டம். எங்களுடையது மேல்மாடி, ஷீட் கூரை. மதியத்தில் கூண்டைத் தரையோடு, வடக்குச் சுவர் ஓரமாகத் தள்ளிவிடுவோம். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்தால் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். வாயில் நீர் வடிய, மூச்சு வாங்கி, தட்டையாகப் படுத்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். சாதாரணத் தண்ணீரில் துணியை நனைத்துக் காதையும் பாதத்தையும் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள், ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். பால்கனியில் வைக்கவே வேண்டாம், வெயிலோடு பருந்தும் பூனையும் உண்டு. தீபாவளிக்கு ஜன்னலை மூடி உள்ளறையில் வையுங்கள்.

கூண்டு என்று கடையில் தருவது பறவைக் கூண்டு. அடியில் கம்பி இருந்தால் பாதம் புண்ணாகிவிடும். இரண்டுக்குக் குறைந்தது ஏழரை சதுர அடி தரை வேண்டும், மேலே பழைய பருத்தித் துணி விரிக்கலாம். துணியைத் தினமும் மாற்றுங்கள், நாற்றம் வராது.

தொம்மலூர் அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. குழந்தை தூக்கலாமா? பொங்கலுக்கும் கோடை லீவுக்கும் திருச்சி போவோம், அப்போது என்ன செய்வது?

விவேக்நகர் அக்கா

தரையில் சம்மணம் போட்டு உட்கார வைத்து, மடியில் துண்டு விரித்துக் கொடுங்கள். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்துக்கு. நின்றுகொண்டு தூக்க விடாதீர்கள், துள்ளி விழுந்தால் கால், முதுகெலும்பு போய்விடும். ஐந்திலிருந்து எட்டு வருஷம் வரை வாழும். உங்கள் மகள் பத்தாம் வகுப்பு எழுதும்போதும் கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள், அதற்கு மனசு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ராத்திரி பஸ்ஸில் கொண்டு போகாதீர்கள். நாங்கள் பொங்கலுக்கு இங்கேயேதான் இருப்போம். மார்கழி பாதியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கூண்டு, புல், எடை நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போங்கள்.