சீடர் (cedar) மரப் பலகைல சால்மன் மீன் சுட்டவங்க வாங்க, அனுபவத்த சொல்லுங்க

சியாட்டில் பக்கம் குடிவந்த நம்ம ஆளுங்க எல்லாரும் ஏதோ ஒரு சம்மர்ல இத சாப்ட்டிருப்பீங்க, டீம் பார்ட்டிலயோ பக்கத்து வீட்டு பேக்யார்டுலயோ. வீட்ல பண்ண ஆசைப்படறவங்களுக்கு மொதல்ல ஒண்ணு, இது தோசைக்கல்லுல போட்ட வஞ்சரம் வறுவல் மாதிரி மொறுமொறுன்னு வரவே வராது. மீன் நெருப்ப தொடறதே இல்ல, ஊறின பலகை அடில கருகி புகையும், அதுல இருக்கற தண்ணி ஆவியாகி மீன மெதுவா வேக வைக்கும், மேல்பக்கத்த கிரில் மூடிக்குள்ள இருக்கற சூடு பாத்துக்கும், அவ்ளோதான். மொறுமொறு வேணும்னா பலகைய தொடாதீங்க, வாணலி எடுத்துக்கோங்க.

பலகைய கடைல மீன் கவுண்டர் பக்கத்துலயே கிரில்லுக்குன்னு விக்கறாங்க. சீப்பா இருக்குன்னு ஹார்ட்வேர் கடைல வேலிக்கு விக்கற மரத்த வாங்கிடாதீங்க, கெமிக்கல் ஏத்தினதா இருக்கலாம். பைன் மரம் வேணவே வேணாம், பிசின் வாடை. ஒரு மணி நேரமாவது தண்ணில முக்கணும், மிதக்கும், மேல ஒரு கனமான சட்டிய வெச்சு அமுக்கிடுங்க.

சால்மன் வகைல சாக்கை (sockeye) கலர் சூப்பரா இருக்கும் ஆனா கொழுப்பு கம்மி, ரெண்டு நிமிஷம் கூடினாலும் வறண்டுடும். கிங் நல்லா தாங்கும், ஆனா மே மாசம் நடுவுல அலாஸ்காவோட காப்பர் ரிவர் மீன் வந்து இறங்கும்போது விலைய கேட்டா பேசாம சாம்பார் வெச்சுடலாம்னு தோணும். நான் பெரும்பாலும் கோஹோ வகைதான்.

மேல பூசற க்ளேஸுக்கு இங்க எல்லாரும் மேப்பிள் சிரப், சோயா சாஸ், டிஜான் மஸ்டர்ட்னு போவாங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க வீட்ல ஜெயிச்சது புளியும் வெல்லமும். பூண்டு, மிளகாத்தூள், சோயா கொஞ்சம் சேத்து கரண்டில ஒட்டற அளவுக்கு காய்ச்சிடுவேன். சால்மன் கொழுப்புக்கு அந்த புளிப்புதான் சரி, மேப்பிள் மட்டும் போட்டா நாலு வாய்ல திகட்டிடுது. இனிப்பு இருக்கற எதையும் மொதல்லயே தடவாதீங்க, வழிஞ்சு பலகைல கருகி கசப்பு வாடை அடிக்கும். உப்பு மட்டும் போட்டு வெச்சுட்டு கடைசி அஞ்சு நிமிஷத்துல ரெண்டு தடவை பூசினா போதும்.

கிரில் 375லேர்ந்து 400 ஃபாரன்ஹீட். வெறும் பலகைய மொதல்ல வெச்சு படபடன்னு சத்தம் வந்ததும் மீன், தோல் கீழ. மூடிட்டா கால் மணி நேரம் பக்கமா ஆகும், மீன் கனத்த பொறுத்தது. ஓரத்துல தீ பிடிச்சா ஸ்ப்ரே பாட்டில். அரசாங்க கணக்கு உள்சூடு 145, நான் 130லயே எடுத்துடுவேன், அது அவங்கவங்க இஷ்டம், குழந்தைங்க கர்ப்பிணிங்க இருந்தா 145தான். வெள்ளையா திட்டு திட்டா வந்தா பயப்படாதீங்க, மீனோட புரோட்டீன்தான், ஆனா நிறைய வந்தா ஓவரா வெந்துடுச்சுன்னு அர்த்தம். தோல் பலகைல ஒட்டிக்கும், அத விட்டுட்டு சதைய மட்டும் தூக்கிடலாம்.

இந்த ஊர் பூர்வகுடிகளான கோஸ்ட் சேலிஷ் மக்கள் சால்மன பொளந்து குச்சில கோத்து ஆல்டர் மர நெருப்பு பக்கத்துல நட்டு வெச்சு சுடறதுதான் பழைய வழக்கம். அமெரிக்காவோட கிழக்கு கரைல ஷாட் (shad) மீன ஓக் பலகைல ஆணி அடிச்சு நெருப்புக்கு எதிர்ல சாய்ச்சு வெப்பாங்க. ஆணி அடிக்கற அளவுக்கு நான் போகல.

——

நாங்கள் டொரோண்டோ. வின்டரில வெளிய நிண்டு சுடேலாது, அதால ஓவனுக்குள்ளதான். பலகைக்குக் கீழ ஒரு ட்ரே வையுங்கோ, இல்லாட்டி எண்ணெய் எல்லாம் கீழ வடியும். கிரில்லில வாற புகை வாசம் வராது, மர வாசம் மட்டும் லேசா இருக்கும். அதுக்காக பலகை வாங்கத் தேவையில்லை எண்டுதான் என்ர மனுசி சொல்லுறா, எனக்கு அந்த வாசம் பிடிக்கும். அண்ணை, அந்த புளி க்ளேஸின்ர அளவு ஒருக்கா போடுங்கோவன்.

——

அபார்ட்மென்ட் பால்கனில பண்றவங்க லீஸ ஒரு தடவை படிச்சுக்கோங்க, நிறைய எடத்துல கரி கிரில் கூடவே கூடாது. எங்க காம்ப்ளெக்ஸ்ல கீழ பொதுவா கேஸ் கிரில் இருக்கு, சனிக்கிழமை சாயங்காலம் க்யூ நிக்கும்.

——

டொரோண்டோ தம்பிக்கு: ரெண்டு பவுண்டு மீனுக்கு சின்ன எலுமிச்சை அளவு புளி, கால் கப் பொடிச்ச வெல்லம், ஒரு ஸ்பூன் சோயா, நாலு பல் பூண்டு, மிளகாத்தூள் உங்க காரத்துக்கு. சோயாலயே உப்பு இருக்கு, மீன்ல பாத்து போடுங்க.