'டஸ்ட் இன் த விண்ட்' பாட்டை வாலிபர் கூடுகையில் வாசிக்கலாமா?

களியக்காவிளை கிட்டார்:
எங்க சி.எஸ்.ஐ. சபை வாலிபர் கூடுகையில அமெரிக்க ராக் பேண்டான கன்சாஸோட இந்தப் பாட்டை வாசிக்க ஆசை. இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு வயலின் இருக்கு. எழுதின கெர்ரி லிவ்கிரென் கிறிஸ்தவர், அதனால இது கிறிஸ்தவப் பாட்டுன்னு சொல்லி ஐயர்கிட்ட (சபைப் போதகர்கிட்ட) அனுமதி கேட்கலாமா? இன்னொண்ணு, கார்டு மாறும்போதெல்லாம் பிக்கிங் (விரலால கம்பியைக் கிள்ளி வாசிக்கிறது) உடையுது. என்ன செய்யணும்?

பாறசாலை பாமாலை:
அப்படிச் சொல்லாதீங்க, காலம் ஒத்துவராது. பாட்டு வந்தது 1977-ல, 'பாயின்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்' ஆல்பத்தில். 1978-ல அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டில் 6-ஆம் இடம் வரை ஏறிச்சு. லிவ்கிரென் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டது 1979-ல. கன்சாஸோட சுற்றுப்பயணத்தில் கூட வந்த லரூ பேண்டின் ஜெஃப் பொல்லார்டோடு வேதாகமத்தைப் பற்றி நடந்த நீண்ட விவாதங்கள்தான் அவரைத் திருப்பிச்சு. அதுக்கு முன்னாடி பல மதங்களையும் தத்துவங்களையும் தேடிப் படிச்சவர். இந்தப் பாட்டு அந்தத் தேடலில் பிறந்தது.

ஐயர்கிட்ட இப்படிச் சொல்லலாம்: நாம காற்றில் தூசிதான்னு சொல்ற இந்தப் பாட்டு "மாயை, மாயை, எல்லாம் மாயை"ங்கிற பிரசங்கி 1:2-க்குப் பக்கத்தில் நிற்குது, பதில் சொல்லாமல் முடியுது. பதில் வேணும்னா 1980-ல வந்த 'ஆடியோ-விஷன்ஸ்' ஆல்பத்தில் 'ஹோல்ட் ஆன்' இருக்கு. விசுவாசத்துக்கு வந்தபிறகு மனைவியை நினைச்சு எழுதினது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிச்சா அந்த மாற்றம் தானே காதில் விழும்.

அதே 1980-ல லிவ்கிரெனோட தனி ஆல்பம் 'சீட்ஸ் ஆஃப் சேஞ்ச்'. அதில் இரண்டு பாட்டு பாடினவர் ரோனி ஜேம்ஸ் டியோ, ஹெவி மெட்டல் குரல்! 1983-ல லிவ்கிரென் கன்சாஸை விட்டு, பேஸ் கிட்டார் டேவ் ஹோப்போடு ஏ.டி. என்ற பேண்டைத் தொடங்கினார். ஹோப் பின்னாளில் ஆங்கிலிக்கன் குருவானவராகவே ஆனார். உங்க ஐயருக்கு அது பிடிக்கும்.

குழித்துறை விரல்கள்:
பிக்கிங் உடையுறது பெரும்பாலும் வலது கட்டைவிரலாலதான். இந்தப் பாட்டே விரல் பழகுற பயிற்சியாத் தொடங்கினதுதான், அதனால பயிற்சி மாதிரியே பிடிங்க. முதல்ல இடது கையில் சி கார்டை மட்டும் பிடிச்சு, கட்டைவிரல் 5-ஆம் கம்பி, 4-ஆம் கம்பின்னு மாறி மாறி நிற்காம ஓடட்டும். மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60. அது தானா ஓடினபிறகு ஆள்காட்டி விரலை 3-ஆம் கம்பிக்கும் நடுவிரலை 2-ஆம் கம்பிக்கும் சேருங்க. ஒவ்வொரு சுற்றின் முதல் அடியில் 5-ஐயும் 2-ஐயும் சேர்த்துக் கிள்ளணும்.

முன்னிசையில் கார்டு மாறுற மாதிரி கேட்கும். சி-யில் உண்மையில் நகருறது 2-ஆம் கம்பி மட்டும்தான்: முதல் ஃபிரெட் (கிட்டார் கழுத்தில் முதல் கட்டம்), திறந்த கம்பி, மூணாவது ஃபிரெட். மத்த விரலைத் தூக்கிடாதீங்க.

சரணத்தில் சி-க்கு அடுத்து முழு ஜி பிடிக்கிறதுதான் தாளத்தைக் கெடுக்குது. 5-ஆம் கம்பி 2-ஆம் ஃபிரெட்டை பேஸா (கீழ் சுரமா) வச்ச ஜி போதும். அப்போ பேஸ் சி, பி, ஏ-ன்னு படி இறங்கும், கட்டைவிரல் கம்பியே மாத்த வேண்டாம். டி மைனர் 7 வரும்போது கட்டைவிரல் 4-க்கும் 3-க்கும் போகணும். டி மைனர் 7-ஐயும் அதுக்கு முன்னாடி வர்ற கார்டையும் மட்டும் தனியா எடுத்துத் திரும்பத் திரும்ப வாசிங்க.

இரண்டாவது கிட்டாரில் 3, 4, 5, 6 கம்பிகளுக்கு 12-கம்பி செட்டில் வர்ற மெல்லிய கம்பிகளைப் போட்டு ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே ட்யூன் பண்ணுங்க. இரண்டு கிட்டாரும் ஒரே இடத்தில் இரையாம பிரிஞ்சு கேட்கும்.

களியக்காவிளை கிட்டார்:
நன்றி அண்ணே. வயலின் எங்கே நுழையணும்?

குழித்துறை விரல்கள்:
முதல் சரணம் முழுக்க வயலின் சும்மா இருக்கட்டும். நடு இசையில் வந்தாத்தான் எடுப்பா இருக்கும். அந்த நேரம் கிட்டார்கள் சத்தத்தைக் கூட்டக்கூடாது, வயலின் மைக்கை மட்டும் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க.