சட்டன் ஸ்கார்ஸ்டேல் ஹால்: வீடு ஓர் ஊரில், அறைகள் வேறு ஊரில்

இங்கிலாந்தில் டெர்பிஷையர் பக்கம், எம்1 நெடுஞ்சாலையில் போகும்போது மேட்டின் மேல் இந்த மாளிகை தெரியும். தூரத்தில் பார்த்தால் யாரோ குடியிருக்கிற மாதிரி இருக்கும். கிட்டே போனால்தான் ஜன்னல் வழியாக வானம் தெரிகிறது. கூரையே இல்லை.

1724 முதல் 1729 வரை, ஸ்கார்ஸ்டேல் பிரபு நிக்கலஸ் லீக்குக்காக வாரிக் ஊர்க்காரர் ஃபிரான்சிஸ் ஸ்மித் கட்டியது. அங்கே இருந்த பழைய வீட்டை முழுக்க இடிக்காமல், சில பகுதிகளை உள்ளே வைத்தே புதிதாக எழுப்பியிருக்கிறார்கள். பிறகு அது பஞ்சாலை ஆர்க்ரைட் குடும்பத்திடம் போனது. 1919இல் விற்றார்கள். வாங்கியவர்களுக்கு வீடு வேண்டாம், அதிலிருந்த சாமான்தான் வேண்டும். அறைகளின் மரப்பலகை, கூரை முதற்கொண்டு கழற்றி விற்றுவிட்டார்கள்.

நான் போனபோது வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. கிழக்கு முகப்பில் கொரிந்தியத் தூண்கள் (உச்சியில் இலை வேலைப்பாடு செதுக்கியவை) ஒய்யாரமாக நிற்கின்றன. உள்சுவரோ வெறும் செங்கல். அட, பார்வைக்குப் படுகிற இடத்தில் மட்டும்தான் கல்லா! மாடியில் தளம் போய்விட்டது, கணப்பு அடுப்பு மட்டும் சுவரில் அந்தரத்தில் தொங்குகிறது. அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களை நினைத்தால் ஒரு மாதிரி இருந்தது.

—

உங்கள் பதிவைப் படித்தேன். நான் இதைத் தலைகீழாக, வீட்டுக்கு முன்னால் அறையைப் பார்த்தவன். சில வருடம் முன்பு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் சுற்றிக் கால் வலித்த நேரம், சுவர் முழுக்க மரப்பலகை பொருத்திய ஓர் அறை. அறிவிப்பு அட்டையில் இதே வீட்டுப் பெயர். அங்கே இந்த வீட்டு அறைகள் மொத்தம் மூன்று. இன்னோர் அறை, பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட் வாங்கி, அப்புறம் ஹாலிவுட் சினிமா செட்டாகி, கடைசியில் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்துக்குப் போனதாம். அறையைப் பார்த்த எனக்கு வீடு எப்படி இருக்கும் என்றே தெரியாது. இன்றைக்கு உங்கள் பதிவில்தான் தெரிந்தது.

—

உங்கள் இருவர் பதிவையும் படித்தேன். கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் நானும் ஒரு விஷயம் சொல்கிறேன். அடுத்த முறை போனால் சுவரில் வரிசையாக இருக்கும் சதுரக் குழிகளைப் பாருங்கள். உத்திரக் கட்டைகளின் முனை உட்கார்ந்த இடம் அவை. தளம் எந்த உயரத்தில் இருந்தது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். அர்த்தாரி, வசாலி என்ற இத்தாலியக் கலைஞர்களின் சுதை வேலை அங்கங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூரை போனால் முதலில் சாவது அதுதான். மழையில் ஊறி, பனிக்காலத்தில் உறைந்து, உப்பி உதிரும்.

—

முதல் பதிவை எழுதியவன்தான். அந்தக் குழிகளை நானும் பார்த்தேன், புறாக்கூடு என்று நினைத்துவிட்டேன்! ஒன்று சொல்ல விட்டுப்போனது. மிச்சத்தையும் இடித்துக் கல்லாக விற்க இருந்த நேரத்தில், 1946இல் எழுத்தாளர் ஆஸ்பர்ட் சிட்வெல் விலைக்கு வாங்கித் தடுத்தார். 1970இல் அரசுப் பராமரிப்புக்கு வந்தது. பக்கத்திலேயே ஒட்டினாற்போல் தேவாலயம். அதற்கு மட்டும் கூரை பத்திரமாக இருக்கிறது.