கால் அங்குலம் கூடினால் செயினைக் கழற்றிடுங்க: பழைய பைக் வைத்திருப்பவர்கள் ஊர் ஊராகக் கண்டது

கோவை கணபதி, லேத் பட்டறை

"பைக் செயின் இழுத்துக்கிச்சு"ன்னு எல்லாரும் சொல்றோம். தகடு இழுபடறதில்லைங்க. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் (குறுக்கு ஊசி), அதைச் சுத்தி ஒரு புஷ் (குழல்). இந்த ரெண்டும் உரசித் தேயுது. ஒரு கண்ணிக்குக் கால் மில்லிமீட்டர் தேஞ்சா 100 கண்ணிக்கு 25 மி.மீ. நீளம் கூடிடும். அந்தத் தொங்கலை எடுக்க பின் சக்கரத்தைப் பன்னிரண்டு, பதிமூணு மி.மீ. பின்னால தள்ளணும். சக்கரத்தைத் தள்ளற அட்ஜஸ்டர் கடைசிக்கு வந்துட்ட வண்டியில செயினைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

கண்ணால பார்த்து முடிவு பண்ணாதீங்க, அளந்து பாருங்க. அரை அங்குலச் செயின்ல (யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு வர்ற 428 நம்பர் செயின் இந்த வகை) 24 கண்ணி சரியா 12 அங்குலம், 304.8 மி.மீ. இது 12¼ அங்குலம், அதாவது 311 மி.மீ. ஆயிட்டா செயின் முடிஞ்சுது. பழைய புல்லட்டுக்கு 5/8 அங்குலச் செயின். அதுல 16 கண்ணி 254 மி.மீ., 259 வந்தா மாத்திடணும். ரெண்டுமே ஏறக்குறைய நூத்துக்கு ரெண்டு பங்குக் கணக்கு.

எண்ணும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுவாங்க. 24 கண்ணிக்கு 25 பின் எண்ணணும். 24 பின்னோட நிறுத்தினா 23 கண்ணிதான் கிடைக்கும், தேஞ்ச செயினும் புதுசாட்டம் தெரியும். பின் நடுவிலிருந்து பின் நடுவரைக்கும் டேப் வைங்க. செயின் விறைப்பா இருக்கணும். ஒரே இடத்துல அளந்தாப் பத்தாது. மூணு இடத்துல அளந்து, அதுல பெருசு எதுவோ அதை எடுத்துக்கங்க.

பல்லடம்

டேப் கையில இல்லாதப்போ: பின் ஸ்ப்ராக்கெட்டோட (செயின் மாட்டற பல்சக்கரம்) கடைசிப் பல்லுல, சக்கரத்தின் பின்பக்கம், செயினை விரலால வெளியே இழுங்க. அரைப் பல்லு வெளியே தெரிஞ்சா போயாச்சு. கழட்டின செயினைப் பக்கவாட்டுல படுக்கையாப் பிடிச்சுப் பாருங்க. நல்ல செயின் லேசா வளையும், தேஞ்சது வில்லாட்டம் தொங்கும். ஸ்ப்ராக்கெட் பல்லு ஒரு பக்கம் சாஞ்சு கொக்கி மாதிரி ஆயிருந்தா அளக்கவே வேண்டாம்.

இன்னொண்ணு. நம்ம பக்கம் தறி, மில்லுன்னு பஞ்சு பறக்கற ஊரு. கிரீஸை அப்பி வெச்ச செயின்ல பஞ்சும் புழுதியும் ஒட்டிக் களிம்பாட்டம் ஆயிடும். மேல பளபளன்னு ஈரமாத் தெரியும், பின்னுக்குள்ள எண்ணெய் ஒரு சொட்டு போயிருக்காது.

தாராபுரம்

ஏனுங்ணா, அட்ஜஸ்டர் முடிஞ்சுதுன்னா ரெண்டு கண்ணி வெட்டி எடுத்துப் போட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓடாதுங்களா?

கோவை கணபதி, லேத் பட்டறை

ஓடும்ங்க. ஸ்ப்ராக்கெட்டைத் தின்னுகிட்டே ஓடும். நீளம்தான் குறைஞ்சுது, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி அப்படியேதானே இருக்கு? பல்லு 12.7 மி.மீ.க்கு வெட்டினது, செயின் 12.95-ல நிக்குது. பாரத்தை ரெண்டு மூணு பல்லுதான் தாங்கும், அந்தப் பல்லு சீக்கிரமே கொக்கியாயிடும். அதனாலதான் செயினையும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டையும் ஒரே சமயத்துல மாத்தச் சொல்றது. கொக்கிப் பல்லுல புதுச் செயின் போட்டா புஷ்ஷும் அதுமேல உருளற ரோலரும் அடி வாங்கும், செட்டு வாங்கினதைவிடச் செலவு கூடிடும். செயின் நம்ம ஊர்லயே கிடைக்குது. ரோலான் செயின் கோவை எல்ஜிபி தயாரிப்புதான். பெட்டியில நம்பரைப் பார்த்து வாங்குங்க. 428-ல முதல் எண் 4, அதாவது 4/8 அங்குலம். 520-ல 5/8.

காங்கேயம், புல்லட் 350

புல்லட்ல "ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் மாத்து"ன்னு சொல்றது எளிது, செய்யறது பெரும்பாடு. பழைய நாலு கியர் வண்டியில பின் ஸ்ப்ராக்கெட் பிரேக் டிரம்மோட ஒரே வார்ப்பு, 38 பல்லு. பல்லு போனா டிரம்மே போச்சு. லேத்துல பல்லைக் கடைஞ்செடுத்து தனி வளைய ஸ்ப்ராக்கெட் போல்ட் போட்டு மாட்டலாம். வெல்டிங் வெச்சா சூட்டுல டிரம் கோணும். திரும்ப உள்பக்கம் கடையாம விட்டா பிரேக் பிடிக்கறப்போ பெடல் துடிக்கும்.

முன் ஸ்ப்ராக்கெட் கிளட்ச்சுக்குப் பின்னால உக்காந்திருக்கு. ஆயிலை வடிச்சு, இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் கழட்டி, பிரைமரி மூடியைத் திறந்து, பிரைமரி செயினோட (இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவுல ஓடற செயின்) கிளட்ச், இன்ஜின் ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்த்து வெளியே எடுத்தாத்தான் கை எட்டும். கிளட்ச்சை இழுத்துக் கழட்டப் புல்லர்ங்கற கருவி வேணும். சுத்தியலால தட்டி எடுக்கறேன்னு யாராச்சும் சொன்னா வண்டியைத் தள்ளிட்டு வந்துடுங்க. இவ்வளவு திறந்தாச்சுன்னா அங்கிருக்கற ஆயில் சீலையும் பிரைமரி மூடியின் ரப்பரையும் மாத்திடணும். சீல் ஒழுகினா புதுச் செயினும் எண்ணெயில குளிச்சு, புழுதி பிடிச்சு, பழைய கதைதான்.

350-க்கு முன் ஸ்ப்ராக்கெட்டுல வழக்கமா 16 பல்லு. "வேகம் கூடும்"னு 17 போடுவாங்க. சமவெளியில இன்ஜின் சத்தம் அடங்கி நல்லாத்தான் இருக்கும். ஆளை ஏத்திட்டு திம்பம் 27 வளைவு ஏறினா ரெண்டாவது கியர்ல திணறும். மலைப்பக்கம் போறவங்களுக்கு 16-ஏ போதும்.

கோபி, எஸ்டி

ஜாவா, எஸ்டியில செயின் முழுக்க மூடிக்குள்ள ஓடும். புழுதி படாது, ஆயுசும் அதிகம். அந்த நிம்மதியிலயே பல வருசம் யாரும் திறந்து பார்க்கறதில்ல. மூடிக்குள்ள டக் டக்னு தகரத்துல அடிக்கற சத்தம் வந்தா செயின் தொங்கிடுச்சுன்னு அர்த்தம்.

மாத்தும்போது பழைய செயினை முழுசா உருவிடாதீங்க. லாக்கை (ரெண்டு முனையையும் சேர்க்கற கண்ணி) கழட்டி, பழைய செயினோட ஒரு முனையில புதுச் செயினை அதே லாக்கால கோத்து, மறுமுனையைப் பிடிச்சு மெதுவா இழுத்தா புதுசு முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுத்தித் தானா வந்துடும். கியர் நியூட்ரல்ல இருக்கணும். தெரியாம உருவிட்டா ஒரு கம்பியை வளைச்சு விட்டு மீன் பிடிக்கற மாதிரி துழாவணும், அரை நாள் போயிடும்.

கண்ணி எண்ணிக்கையைப் பழசையும் புதுசையும் பக்கத்துல படுக்க வெச்சு எண்ணிப் பாருங்க. நீளம் வெச்சு வெட்டாதீங்க, பழசு தேஞ்சு நீண்டிருக்கும். புதுசு கூடுதலா இருந்தா பின் தலையை முதல்ல அரைச்சுட்டு அப்புறம் செயின் கட்டர்ல தள்ளுங்க. அரைக்காமத் தள்ளினா கட்டர் முனைதான் உடையும்.

பொள்ளாச்சி

லாக்கை எப்படிப் போடறதுன்னு யாரும் சொல்லலையே. முனைகள் ரெண்டையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் அடுத்தடுத்த பல்லுல உக்கார வெச்சுக் கோத்தா கை வழுக்காது. லாக் கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடற திசையைப் பார்க்கணும். மேல ஓடற செயின்ல அது இன்ஜினைப் பார்க்கும், கீழ ஓடறதுல பின் சக்கரத்தைப் பார்க்கும். திருப்பிப் போட்டா எதுலயாச்சும் தட்டினா கிளிப் பிரிஞ்சு விழும். செயின் அறுந்து முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இன்ஜின் கேஸுக்கும் நடுவுல சுருட்டிக்கும், அலுமினியக் கேஸ் வெடிச்சுடும். பழைய லாக்கைத் திரும்பப் போடாதீங்க, பெட்டியிலயே புதுசு இருக்கு.

லூஸ்: சக்கரத்தைச் சுத்திச் சுத்தி ரொம்ப டைட்டா இருக்கற இடத்தைக் கண்டுபிடிங்க. அந்த இடத்துல, கீழ்ச் செயினின் நடுவுல, மேலும் கீழும் சேர்த்து 25 மி.மீ. ஆடணும். அதுக்கப்புறம் ஆள் உக்காந்து ஒருக்கா பாருங்க. பாரம் ஏறினா செயின் விறைக்கும். விறைப்பா வெச்சு ஓட்டினா கியர்பாக்ஸ் பேரிங்கும் ஹப் பேரிங்கும் சீக்கிரம் போயிடும். கொஞ்சம் லூஸா இருந்தாலும் பரவாயில்ல, டைட் மட்டும் கூடாது.

புல்லட்ல நத்தைக் கேம் (நத்தை ஓடு மாதிரி இருக்கற அட்ஜஸ்டர் தகடு) ரெண்டு பக்கமும் ஒரே பல்லுல நிக்கணும். கேம் தேஞ்சிருந்தா நம்பாதீங்க. கொத்தனார் நூலை பின் டயர்லிருந்து முன் டயர் வரைக்கும் ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சா நேரா இருக்கா கோணலான்னு தெரிஞ்சுடும். சக்கரம் நகர்ந்ததால பிரேக் ராடையும் திரும்ப அட்ஜஸ்ட் பண்ணணும். இதை மறந்து முதல் மேட்டு இறக்கத்துல திகைச்சவங்க நிறைய.

ஈரோடு

இன்னொரு விசயம். ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கறப்போ 'டொக்'னு இழுத்தா உடனே செயின்மேல பழி போடாதீங்க. பின் சக்கர ஹப்புக்குள்ள அதிர்வைத் தாங்கற ரப்பர் நொறுங்கியிருந்தாலும் அப்படித்தான் அடிக்கும். பின் சக்கரத்தை அசையாமப் பிடிச்சு ஸ்ப்ராக்கெட்டை மட்டும் முன்னும் பின்னும் திருகிப் பாருங்க. தாராளமா ஆடினா ரப்பர்தான். செயின் செட்டு போடறதோட அதையும் போட்டுடுங்க, எப்படியும் சக்கரம் கழட்டித்தானே இருக்கு.

பல்லடம்

எண்ணெய் விடறது: 500 கி.மீ.க்கு ஒருக்கா, ஓட்டிட்டு வந்து செயின் சூடா இருக்கறப்போ. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வெச்சுக் கழுவி, துணியால துடைச்சு, 90 கியர் ஆயிலை கீழ்ச் செயினோட உள்பக்கம் சொட்டுச் சொட்டா விடுங்க. ஓடறப்போ எண்ணெய் வெளிப்பக்கமாத் தள்ளப்படும், பின்னுக்குள்ள இறங்கும். பத்து நிமிசம் கழிச்சு மேல இருக்கறதைத் துடைச்சுடுங்க. கழிவு இன்ஜின் ஆயில் வேண்டாம், அதுல இரும்புத் தூள் இருக்கும். சக்கரத்தைக் கையாலதான் சுத்தணும். இன்ஜினை ஓடவிட்டு கியர்ல போட்டுத் துணி பிடிச்சா, துணியோட விரலும் போகும்.