மருந்து ஏற்றிய மாதங்களில் மாமிக்குக் கைகொடுத்தவை

மாமிக்கு மார்பகப் புற்றுநோய். மருந்து ஏற்றியது தெல்லிப்பழையில். நாங்கள் இருப்பதோ மல்லாவியில். மாங்குளம் சந்திக்கு வந்து யாழ்ப்பாண பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். போகும்போது பாதகமில்லை. திரும்பும்போதுதான் ஓங்காளம் தொடங்கும்.

சத்திக்குத் தந்த குளிசையை நேரம் தவறாமல் கொடுத்தோம். அதோடு ஒரு தாதி சொல்லித்தந்த கைவைத்தியமும் இருந்தது. மணிக்கட்டின் உட்பக்க மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளினால், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் தட்டுப்படும். அதைப் பெருவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்த வேண்டும். ஆனையிறவின் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும்வரை மாமி என் கையை விடமாட்டார். சத்தி முற்றாக நிற்கவில்லை, பிரட்டல் தணிந்தது. அழுத்தியதாலா, பக்கத்தில் ஆள் இருந்ததாலா என்று நான் ஆராயப் போகவில்லை.

வாய்ப்புண்தான் ஆளை வாட்டியது. கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் உப்பும் அப்பச்சோடாவும் ஒவ்வொரு தேக்கரண்டி கரைத்து அடிக்கடி கொப்பளிக்கச் சொன்னார்கள். உறைப்பையும் புளியையும் நிறுத்தினோம். தாளித வாசம் ஒத்துக்கொள்ளாததால் கஞ்சியை ஆறவைத்தே கொடுத்தோம். சூடு ஆறினால் மணமும் அடங்கிவிடுகிறது.

இதற்கிடையில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் வைத்தியர்கள்! ஒருவர் முள் அன்னமுன்னா இலை கொண்டுவந்தார், இன்னொருவர் பரிசாரியாரின் கசாயப் போத்தல். ஊசிமருந்தை விட்டுவிட்டு இதைக் குடித்தால் போதுமாம். போத்தலை அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மருத்துவர் ஏசவில்லை. "இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது அம்மா. சில மூலிகைகள் நாங்கள் ஏற்றும் மருந்தோடு மோதும், ஈரலையும் தாக்கும். சிகிச்சை முடியும்வரை வேண்டாம்," என்றார். இஞ்சித் தேநீருக்கு மட்டும் தடை சொல்லவில்லை.

கால் விறைப்புக்கு இரவில் தேங்காயெண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடுவேன். விறைப்பு போகாது, ஆனால் மாமி தூங்கிவிடுவார். இதற்கும் கேட்டுக்கொண்டுதான் கை வைத்தேன். இரத்தம் உறைய உதவும் இரத்தத்தட்டுகள் குறைந்திருந்தால் அழுத்திப் பிடிக்கக்கூடாது; ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், தொடவே கூடாது, உடனே காட்ட வேண்டும் என்றார்கள்.

எங்களைப் போலத் தூரத்தில் இருப்பவர்கள் வீட்டில் ஒரு வெப்பமானி வைத்திருங்கள். மருந்து ஏற்றும் மாதங்களில் எந்த நாளிலும் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் மல்லித் தண்ணீர் அவித்துக்கொண்டு விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். இரவென்றாலும் ஆட்டோ பிடித்துக் கிட்டடி ஆஸ்பத்திரிக்குப் போய், கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.