மறுமொழி: 'பிளே ஆஃப்' – தமிழில் என்ன சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு,

லீக் முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் இடம் யாருக்கு என்று ஆடும் 'பிளே ஆஃப்' ஆட்டங்களுக்குத் தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் ஒரு வாரமாகச் சொற்கள் வந்தபடி இருக்கின்றன. தகுதிச் சுற்று, கடைவாய்ப்புப் போட்டி, ஏற்றப் போட்டி, மிச்ச இடப் போட்டி, முடிவாட்டம், தீர்ப்பாட்டம். நான் இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்குக் காரணம், ஒவ்வொன்றையும் ஒரு செய்திக்குள் வைத்து எழுதிப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். பட்டியலில் பார்க்கும்போது நன்றாக இருக்கிற சொல் வாக்கியத்துக்குள் போனதும் நொண்டும். அது நமக்கெல்லாம் பழகிய அனுபவம்.

எழுதிப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது, 2025 மே 24 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் சண்டர்லாந்தும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் ஆடிய ஆட்டம். அதைப் பற்றித் தமிழில் நான் படித்த குறிப்பு ஒன்று, 'சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் சண்டர்லாந்து வெற்றி' என்றது. படிக்கிறவர் என்ன நினைப்பார்? சண்டர்லாந்து சாம்பியன் ஆகிவிட்டது என்றுதானே? சாம்பியன்ஷிப் என்பது இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்குக்குப் பெயர். அந்தப் பருவத்தின் சாம்பியன் லீட்ஸ் யுனைடெட். 46 ஆட்டங்களில் 100 புள்ளிகள். பர்ன்லியும் அதே 100 எடுத்து, கோல் வித்தியாசத்தில் இரண்டாவது வந்தது. இந்த இரண்டு கிளப்புகளும் நேராக முதல் நிலையான பிரீமியர் லீக்குக்குப் போய்விட்டன. மேலே இன்னும் ஒரே ஓர் இடம் பாக்கி. அதற்கு மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை வந்த நான்கு கிளப்புகள்: ஷெஃபீல்டு யுனைடெட் 90, சண்டர்லாந்து 76, கவென்ட்ரி 69, பிரிஸ்டல் சிட்டி 68.

90க்கும் 76க்கும் நடுவில் 14 புள்ளி. பத்து மாதம் ஓடிச் சேர்த்த அந்த 14 புள்ளியும் வெம்பிளியில் செல்லாது. 25ஆம் நிமிடத்தில் டைரீஸ் கேம்பெல் அடித்து ஷெஃபீல்டு முன்னால் போனது. 76ஆம் நிமிடத்தில் சண்டர்லாந்தின் எலீசர் மயெண்டா சமன் செய்தார். காயத்துக்காகச் சேர்த்த நேரத்தின் ஐந்தாம் நிமிடத்தில் டாம் வாட்சன் என்ற 19 வயதுப் பையன் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து உருட்டிவிட்ட பந்து வலைக்குள் போனது. எட்டு ஆண்டுக்குப் பிறகு சண்டர்லாந்து மேலே. 1997, 2003, 2009, 2012, 2025 என்று இப்படிப்பட்ட ஐந்து இறுதிகளில் ஆடி ஐந்திலும் தோற்ற ஷெஃபீல்டு அதே இடத்தில். இதைச் சொல்லத் தமிழில் ஒரு சொல் இல்லாமல் 'சாம்பியன்ஷிப் இறுதி' என்று எழுதிவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆட்டத்தின் வலி முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

இனி வந்த கருத்துகளுக்கு.

> 'தகுதிச் சுற்று' ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, தகுதிச் சுற்று ஒரு போட்டிக்கு முன்னால் நடப்பது. உலகக் கோப்பைக்குள் நுழைய ஆடுவது. இதுவோ லீக் முழுவதும் முடிந்து, பட்டமும் கொடுத்துவிட்டுப் பிறகு ஆடுவது. ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. அங்கே லீக் சுற்றுக்குப் பின் வரும் பிளே ஆஃப்பில் 'தகுதிச் சுற்று 1', 'தகுதிச் சுற்று 2' என்றே இரண்டு ஆட்டங்களை எழுதுகிறார்கள், அவை பட்டத்துக்குக் கொண்டுபோகும் ஆட்டங்கள். பெரிய அட்டவணைக்குப் பெயர் ஒன்று, அதன் உள்ளே ஒரு ஆட்டத்துக்கும் அதே பெயர் என்றால் எழுதுகிறவர் கை தடுமாறும்.

> 'ஏற்றப் போட்டி' என்று நேராகச் சொல்லிவிடலாம். வென்றவர் ஏறுகிறார், அவ்வளவுதானே.

அவ்வளவுதான் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இதற்குப் பதில் சொல்ல சண்டர்லாந்து கிளப்பின் கதையே போதும். இந்த பிளே ஆஃப் ஏற்பாடு இங்கிலாந்தில் 1986-87 பருவத்தில் வந்தது. முதல் நிலையை 22 கிளப்பிலிருந்து 20 ஆகக் குறைக்க வேண்டியிருந்ததால், முதல் இரண்டு ஆண்டு மேல் நிலையில் கடைசிக்குச் சற்று மேலே நின்ற ஒரு கிளப்பையும் இதற்குள் இழுத்துவிட்டார்கள். அதாவது சிலர் ஏறுவதற்கு ஆடினார்கள், ஒருவர் இறங்காமல் இருக்க ஆடினார். 1987இல் இரண்டாம் நிலையிலிருந்து அப்படி வந்து மாட்டியது சண்டர்லாந்து. எதிரே மூன்றாம் நிலை கில்லிங்ஹம். முதல் ஆட்டம் 3-2 கில்லிங்ஹமுக்கு, மறு ஆட்டம் கூடுதல் நேரத்தில் 4-3 சண்டர்லாந்துக்கு. கூட்டிப் பார்த்தால் 6-6. வெளியூரில் அதிக கோல் அடித்த கணக்கில் கில்லிங்ஹம் முன்னேற, சண்டர்லாந்து வரலாற்றில் முதல் முறையாக மூன்றாம் நிலைக்கு இறங்கியது. மறு ஆண்டு, 1988இல், செல்சிக்கு அதே கதி. இன்று நம் பிள்ளைகள் சட்டையாக மாட்டிக்கொள்கிற அதே செல்சிதான். மிடில்ஸ்பரோவிடம் இரு ஆட்ட இறுதியில் தோற்று முதல் நிலையை இழந்தது. இவற்றை ஏற்றப் போட்டி என்று எப்படி எழுதுவது?

அடுத்து 1990. இறுதி வெம்பிளியில் ஒரே ஆட்டமாக மாறிய முதல் ஆண்டு. ஸ்விண்டன் டவுன் 1-0 என்று சண்டர்லாந்தை வென்றது. வென்ற ஸ்விண்டன் ஏறவில்லை. வீரர்களுக்கு முறைகேடாகப் பணம் கொடுத்தது தெரியவந்து லீக் தண்டித்தது. தோற்ற சண்டர்லாந்து ஏறியது! லீக்கில் ஆறாவதாக வந்த கிளப் அது. மூன்றாவதாக வந்திருந்த பக்கத்து ஊர் நியூகாசில் கீழேயே நின்றது.

1998 இறுதியில் சண்டர்லாந்துக்கு சார்ல்டனோடு 4-4, பெனால்டியில் 7-6 என்று தோல்வி. அன்று சார்ல்டனுக்காக மூன்று கோல் அடித்த கிளைவ் மெண்டோன்சா வளர்ந்ததே சண்டர்லாந்தில். சின்ன வயதிலிருந்து அந்தக் கிளப்பின் ரசிகர். சொல் விவாதத்துக்கு இது தேவையில்லைதான். ஆனாலும் இதை எழுதாமல் என்னால் கடந்துபோக முடியவில்லை.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், ஏறுவது இறங்குவது இரண்டுக்கும் பொது அடியாக இருக்க வேண்டும். முன்னால் ஓர் அடைமொழி சேர்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். இழையைத் தொடங்கிய அக்கா முதல் மடலில் பொருள் விளக்கம் எழுதியிருந்தார்கள்: "அட்டவணையால் முடிவாகாமல் மிச்சமிருக்கும் இடம் யாருக்கு என்று ஆடித் தீர்ப்பது". சொல் வேண்டும் என்று கேட்டவரே சொல்லைக் கையில் கொடுத்திருக்கிறார்! பேசித் தீர்க்கிறோம், அடித்துத் தீர்க்கிறோம், கணக்குத் தீர்க்கிறோம். இது ஆடித் தீர்ப்பது.

வேர் 'தீர்' என்பதில் எனக்கு ஐயமில்லை. வடிவத்தில்தான் சிக்கல். வினைத்தொகையாகச் சேர்த்தால் 'தீராட்டம்'. அதையே தீரா ஆட்டம், முடியாத ஆட்டம் என்றும் பிரிக்கலாம். நேர் எதிர்ப் பொருள். விட்டுவிட்டேன். 'தீர்ப்பாட்டம்' என்றால் நீதிபதி வந்து உட்கார்ந்துகொள்கிறார். இங்கே தீர்ப்பவர்கள் ஆடுகிறவர்களே. 'முடிவாட்டம்' இறுதி ஆட்டத்தோடு கலந்துவிடும். அரையிறுதியும் இதற்குள் உண்டே, அதை 'முடிவாட்ட அரையிறுதி' என்றால் வாசகர் திகைப்பார். மிஞ்சுவது தீர்வு + ஆட்டம், தீர்வாட்டம். சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடையில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் கால்பந்து என்று தொடங்கும் எதுவும் தங்கள் பக்கம் ஓடாது, அங்கே உதைபந்தாட்டம்தான் என்று எழுதியிருந்தார். ஆட்டம் என்று முடிவதால் இந்தச் சொல் இரு கரைக்கும் பொருந்தும்.

அடைமொழிக்கு ஏற்றம், இறக்கம். 'பதவி உயர்வு' அலுவலகத்து வாசனை. 'தரம் உயர்வு' என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அரசாணையில் தரம் உயர்த்தப்படும் பள்ளிக்கூடம். யாரோ உயர்த்த, அது உயர்கிறது. கிளப் தானே ஏறுகிறது. கிணற்றடி ஏற்றத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை தாழ்ந்தால்தான் மறு முனை எழும்பும். லீட்ஸ், பர்ன்லி, சண்டர்லாந்து ஏறிய அதே ஆண்டில் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் இறங்கின. அந்த சவுத்தாம்ப்டன் முந்தைய ஆண்டுதான் வெம்பிளியில் லீட்ஸை 1-0 என்று வென்று ஏறியிருந்தது.

ஆக, ஏற்றத் தீர்வாட்டம். ஜெர்மனியில் முதல் நிலையின் 16ஆவது கிளப்பும் இரண்டாம் நிலையின் மூன்றாவது கிளப்பும் மோதுவதை இறக்கத் தீர்வாட்டம் என்று எழுதலாம்.

— — —

இரண்டாம் மடல், மறுநாள் இரவு

என் மடலுக்கு இரண்டு மறுப்புகள் வந்திருக்கின்றன. இரண்டும் கூர்மையானவை.

> 'ஏற்றத்' தீர்வாட்டம் என்கிறீர்கள். நீங்களே சொன்ன ஸ்விண்டன் வென்றும் ஏறவில்லையே. ஏற்றப் போட்டியை அதே காரணத்துக்காகத்தானே தள்ளினீர்கள்?

ஏற்றப் போட்டியைத் தள்ளியதற்கு முதற்காரணம் 1987, 1988. அங்கே இறக்கமும் இருந்தது. ஆனால் ஸ்விண்டனை நானும்தான் சாட்சிக்கு இழுத்தேன், அது உண்மை. இரவெல்லாம் இதை யோசித்தேன். பதில் பள்ளி இலக்கணப் புத்தகத்தில் இருக்கிறது. 'கூலி வேலை' என்பதை நான்காம் வேற்றுமைத் தொகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கூலிக்காகச் செய்யும் வேலை. கூலி கொடுக்காமல் ஏமாற்றினாலும் செய்தது கூலி வேலைதான். அதே போல ஏற்றத்துக்காக ஆடும் தீர்வாட்டம் ஏற்றத் தீர்வாட்டம். ஸ்விண்டன் வீரர்கள் அன்று வெம்பிளியில் எதற்காக ஓடினார்களோ அது பெயரில் இருக்கிறது. லீக் அதைப் பிறகு பிடுங்கிக்கொண்டது வேறு கதை. ஸ்விண்டனை வைத்து ஏற்றப் போட்டியை நான் குறை சொன்னது தவறு, அதை எடுத்துவிடுகிறேன். 1987 மட்டும் என் வாதத்துக்குப் போதும்.

> சமனாக முடிந்தால் பெனால்டி அடித்துத் தீர்ப்பதையும் தீர்வாட்டம் என்று புரிந்துகொள்ள மாட்டார்களா?

மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பெனால்டி ஓர் ஆட்டத்தின் வால். அதை யாரும் தனி ஆட்டமாகச் சொல்வதில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம். 2023 மே 27 இறுதியை எடுத்துக்கொள்கிறேன், அதில் பெனால்டியும் உண்டு:

"வெம்பிளியில் நடந்த ஏற்றத் தீர்வாட்ட இறுதியில் லூட்டன் டவுனும் கவென்ட்ரி சிட்டியும் 1-1 என்று சமன் செய்தன. கூடுதல் நேரத்திலும் முடிவு கிடைக்கவில்லை. பெனால்டியில் 6-5 என்று வென்ற லூட்டன் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. ஒன்பது ஆண்டுக்கு முன் இதே கிளப் ஐந்தாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்தது."

இதை வீட்டில் என் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். கால்பந்து பார்க்காதவள். "தீர்வாட்டம்னா என்ன" என்று கேட்கவில்லை. "ஒன்பது வருஷத்துல நாலு படியா ஏறினாங்க?" என்றுதான் கேட்டாள்.

ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. ஆங்கிலத்தில் முழு அட்டவணைக்கும் தனி ஆட்டத்துக்கும் ஒரே சொல். நாம் அட்டவணையைத் தீர்வாட்டச் சுற்று என்றும், தனி ஆட்டத்தைத் தீர்வாட்டம் என்றும் பிரித்துக்கொள்ளலாம். அரையிறுதியில் சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று ஆடுகிறார்களே, அந்த இரண்டையும் மேலே நான் 'முதல் ஆட்டம், மறு ஆட்டம்' என்று எழுதிச் சமாளித்திருக்கிறேன். 'மறு ஆட்டம்' என்றால் ரத்தான ஆட்டத்தைத் திரும்ப நடத்துவது என்றும் ஆகும், எனக்கு அதில் நிறைவில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் அங்கே மைதானத்தில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்