ஆங்கில மொழியியல் முதல் தாள்: இன்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு வகுப்பு

பொருநை

பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்களுக்கு ஒலியியல் தாளில் வரும் காகிதத் துண்டுச் சோதனை தெரிந்திருக்கும். உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லைச் சொன்னால் தாள் படபடக்க வேண்டும். அதே பகரம் 'ஸ்பின்' என்ற சொல்லில் வரும்போது தாள் அசையக் கூடாது. முதலாவது மூச்சொலி, இரண்டாவது மூச்சில்லாத ஒலி, இரண்டும் ஒரே ஒலியனின் (சொற்களின் பொருளைப் பிரித்துக் காட்டும் அடிப்படை ஒலியின்) மாற்றொலிகள், அதாவது இடத்துக்கேற்ப மாறும் வடிவங்கள் என்பது பாடம்.

திருநெல்வேலியில் நாங்கள் படித்த கல்லூரியில் வகுப்பு முழுவதும் தாளைப் பிடித்துக்கொண்டு இரண்டு சொற்களையும் உரக்கச் சொன்னது. எந்தத் தாளும் எந்தச் சொல்லுக்கும் அசையவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும் சொல்லைச் சொல்லி முடித்த கையோடு தாளை ஊதினாள், அது பறந்தது. ஆசிரியை அவளைப் பாராட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு உறுத்துவது அந்தப் பாராட்டுதான். தமிழ் பேசி வளர்ந்த வாயில் சொல்லின் முதலில் வரும் பகரத்துக்கு மூச்சு சேர்வதில்லை, அதனால்தான் தாள்கள் அசையவில்லை என்பதைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைத்திருக்காது. அந்த அறைக்குள்ளேயே அத்தனை பேருடைய ஆங்கிலம் ஆராய்ச்சிக்குக் காத்திருந்தது. தேர்வில் நாங்கள் எல்லோரும் 'ஆங்கிலத்தில் சொல்முதல் பகரம் மூச்சொலியாக ஒலிக்கும்' என்று எழுதி மதிப்பெண் பெற்றோம். யாருடைய ஆங்கிலத்தில் என்று கேள்வித்தாளும் கேட்கவில்லை, விடைத்தாளும் சொல்லவில்லை.

வடலி

எங்கள் வகுப்பில் இதற்கு நேர்மாறாக நடந்தது, அதனால் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் நான் முதலாம் ஆண்டில் இருந்தபோது, ஒலிகள் பிறக்கும் இடங்களைப் பற்றிப் பேச வந்த வருகை விரிவுரையாளர் ஒருவர், 'ஆங்கிலேயர் தங்கள் டகரத்தை மேற்பல்லுக்குப் பின்னாலுள்ள முகட்டில் நுனிநாவை ஒற்றி ஒலிக்கிறார்கள், தமிழர் நாவை மேல்நோக்கி மடித்து ஒலிக்கிறார்கள்' என்று கரும்பலகையில் எழுதினார். நான் எழுந்து 'வெற்றி', 'காற்று' என்ற இரண்டு சொற்களை மட்டும் சொன்னேன். அவர் மீண்டும் சொல்லச் சொன்னார். பிறகு என் மேசைக்கு அருகில் வந்து நின்று, இன்னும் மெதுவாகச் சொல்லச் சொன்னார்.

எங்கள் பேச்சில் இரட்டை றகரம் அதிர்வு எதுவும் இல்லாமல், அந்தப் பல்முகட்டிலேயே தடைபட்டு வெளிவரும் ஒலி. ஆங்கில டகரத்துக்கு மிக அருகில் நிற்பது அதுதான். மலையாளத்திலும் இந்த ஒலி உண்டு. நாங்கள் டீச்சரை 'ரீச்சர்' என்றும், டிக்கெட்டை 'ரிக்கற்' என்றும், கனடாவின் நகரத்தை 'ரொறன்ரோ' என்றும் எழுதுவதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் எழுத்துப்பிழை என்று நினைக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லில் நா எங்கே படுகிறது என்பதை எங்கள் காது சரியாகப் பிடித்ததன் விளைவு அந்த எழுத்து.

விரிவுரையாளர் பலகைக்குத் திரும்பிப் போய், 'தமிழர்' என்பதை அழித்துவிட்டுத் 'தமிழரில் பலர்' என்று எழுதினார். ஒரு மாணவியின் வாயிலிருந்து கேட்டதை வைத்து ஒரு விதியைத் திருத்தலாம் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். பொருநை, உங்கள் வகுப்பில் கிடைக்காமல் போனது இதுவே என்று எண்ணுகிறேன்.

பழைய ஆசிரியர்

இருவரும் எழுதியவற்றைப் படித்தேன். பொருநை அவர்களின் ஆசிரியை மீது இவ்வளவு குறை காண வேண்டியதில்லை என்பது என் கருத்து. முதலாண்டு மாணவருக்கு ஏதேனும் ஓர் உச்சரிப்பு முழுமையாக விவரிக்கப்பட்டுக் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 20 உயிரொலிகள், 24 மெய்யொலிகள், ஆக 44 ஒலியன்கள் என்ற கணக்கையே தொடங்க முடியாது. ஆங்கில ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில் தாம் விவரித்த பேச்சை இங்கிலாந்தின் தனியார் உறைவிடப் பள்ளிகளின் உச்சரிப்பு என்றே அழைத்தார். 1926ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் நம் பாடநூல்கள் இன்றும் சொல்லும் 'ரிசீவ்ட் ப்ரொனன்ஸியேஷன்' என்ற பெயருக்கு மாறினார். யாருடைய பேச்சு என்பதை அவர் மறைக்கவில்லை, நம் வழிகாட்டி நூல்கள்தாம் அந்த வரியை விட்டுவிட்டன.

என் அனுபவம் சிறியது. ஹைதராபாத்தில் 1958இல் தொடங்கப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனத்தில், இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக இருப்பது, பயிற்சிக்குச் சென்றபோது என் குரலை ஒலிநாடாவில் பதிவு செய்து எனக்கே போட்டுக் காட்டினார்கள். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையிலும், 'ஃபொட்டாகிராஃபர்' என்பதில் இரண்டாம் அசையிலும், 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசையிலும் விழ வேண்டிய அழுத்தம், என் குரலில் மூன்றுக்கும் ஒன்றுபோலவே இருந்தது. அழுத்தம் இடம் மாறினால் சொல்லே மாறிவிடும் என்ற நிலை தமிழில் இல்லாததால், அதை நான் அதுவரை காதால் கேட்டதே இல்லை.

இப்போது இந்தத் தாளை எழுதப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மெய்யொலி அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள். உதட்டில் தொடங்கித் தொண்டை வரை ஒவ்வோர் ஒலியாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போங்கள், அட்டவணை தானாக அமையும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதே வேலையை எதிர்த்திசையில் செய்கிறது: ககர ஙகரத்துக்கு அடிநா, சகர ஞகரத்துக்கு இடைநா, டகர ணகரத்துக்கு நுனிநா என்று தொண்டைப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வருகிறது. டகரத்துக்கும் றகரத்துக்கும் அது தனித்தனி நூற்பா வைத்திருப்பதை வடலி அவர்கள் கவனிக்கலாம்.

அடுத்து, பன்மை விகுதி. விரல் நுனியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பூனைகளையும் நாய்களையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'கேட்ஸ்' என்னும்போது இறுதியில் அதிர்வு இராது. 'டாக்ஸ்' என்னும்போது விரல் அதிரும், அங்கே எழுதுவது ஸகரமாக இருந்தாலும் ஒலிப்பது இஸட். 'பஸ்ஸஸ்' என்னும்போது இடையில் ஓர் உயிர் நுழைந்துகொள்ளும். முந்தைய ஒலியைப் பார்த்தே இந்த மூன்றில் ஒன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது, மூன்றும் ஓர் உருபனின், அதாவது பொருள் தரும் மிகச் சிறிய சொற்கூறு ஒன்றின் வடிவங்கள். இதை விரலால் உணர்ந்தவர்களுக்கு இறந்தகால விகுதியின் மூன்று வடிவங்களைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. நாள்தோறும் ஐந்து சொற்களை ஒலிக்குறியீட்டில் எழுதி, அதன் பிறகு அகராதியைத் திறந்து ஒப்பிடுங்கள். அகராதியை முதலில் திறந்தால் பயன் இல்லை.

இரவுப் பணி

பழைய ஆசிரியர் ஐயா சொல்வதை ஒட்டியே என் அனுபவமும் இருக்கிறது. சென்னையில் இங்கிலாந்து வாடிக்கையாளர்களுக்கான அழைப்பு மையம் ஒன்றில் வேலை செய்தேன். முதியவர் ஒருவருக்குப் பதிவெண்ணைச் சொல்லும்போது, அதன் முதல் எழுத்தான ஒலிப்பிலாப் பகரத்தை, அதாவது பென்சிலின் முதல் எழுத்தை, எத்தனை முறை சொன்னாலும் அவர் பந்தைக் குறிக்கும் 'பால்' என்ற சொல்லின் முதல் எழுத்தாகவே எழுதிக்கொண்டு திருப்பிச் சொன்னார். இருவருக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அப்போது கல்லூரியில் படித்த மூச்சொலி நினைவுக்கு வந்து, அந்த எழுத்தோடு கொஞ்சம் காற்றைச் சேர்த்துத் தள்ளினேன். அவர் உடனே சரியாகத் திருப்பிச் சொன்னார்.

சொல்முதலில் இந்த இரண்டு எழுத்துகளையும் ஆங்கிலேயர் காது பெரும்பாலும் அந்த மூச்சை வைத்துத்தான் பிரித்தறிகிறது. நமக்கோ 'பம்பரம்' என்ற சொல்லில் முதல் பகரமும் இரண்டாம் பகரமும் வேறு வேறாக ஒலித்தாலும் ஒரே எழுத்துப் போதும், இடம் பார்த்து வாயே மாற்றிக்கொள்கிறது. நமக்கு மாற்றொலியாக இருப்பது அவர்களுக்குத் தனி ஒலியன். ஆகவே பொருநை, எங்கள் ஆங்கிலத்தில் மூச்சு இல்லை என்று குறித்துக்கொள்வது சரியே, ஆனால் கேட்பவருக்கு அது தேவைப்படும் இடமும் உண்டு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கரிசல்

'ஒரு பேச்சைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்' என்பதோடு ஐயா நிறுத்தியிருந்தால் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பேச்சு நடைமுறையில் விவரணையாக நிற்பதில்லை, தீர்ப்பாக மாறிவிடுகிறது. எங்கள் வாய்மொழித் தேர்வில் நான் 'இஸ்கூல்' என்று தொடங்கியதும் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அதன் பிறகு நான் சொன்ன எதையும் அவர் குறித்துக்கொள்ளவில்லை. நான் சொல்லிக்கொண்டிருந்தது உருபன் பற்றிய சரியான விடை.

அடுத்த பருவத்தில்தான், எந்தெந்த ஒலிகள் சொல்லின் முதலில் சேர்ந்து வரலாம் என்பதில் ஒவ்வொரு மொழிக்கும் தனி விதி உண்டு என்ற பாடம் வந்தது. தமிழ்ச் சொல் இரண்டு மெய்களோடு தொடங்காது, அதனால் முன்னால் ஓர் இகரம் வந்து தாங்கிக்கொள்கிறது. லத்தீனின் 'ஸ்கோலா' ஸ்பானிய மொழியில் 'எஸ்குவேலா' ஆனதும் இதே வழியில்தான். ஆங்கிலேயர் மட்டும் என்ன செய்கிறார்கள்? கிரேக்கத்திலிருந்து வந்த 'சைக்காலஜி'யின் முதலில் பகரத்தை எழுதிவிட்டு ஒலிக்காமல் விடுகிறார்கள், ஏனெனில் அந்தச் சேர்க்கையைச் சொல்முதலில் அவர்கள் மொழி ஏற்பதில்லை. அவர்கள் விட்டால் அது மொழியின் அமைப்பு, நாங்கள் சேர்த்தால் கல்வியின்மை என்று பேனாவை மூடுவது எந்த மொழியியல்?

உயர்ந்த உச்சரிப்பு என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதை அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1966இல் வெளியான தம் நியூயார்க் ஆய்வில் காட்டிவிட்டார். உயர்தரம், நடுத்தரம், மலிவு என மூன்று பல்பொருள் அங்காடிகளில், நான்காம் மாடியில் கிடைக்கும் பொருளாகப் பார்த்துக் கேட்டு, 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற விடையில் ரகரம் ஒலிக்கிறதா என்று குறித்துக்கொண்டார். அங்காடியின் தரம் உயர உயர ரகரம் கூடுதலாக ஒலித்தது. ஜோன்ஸின் அகராதிப் பேச்சிலோ அதே இடங்களில் ரகரத்தை விடுவதுதான் உயர்வு. முதலாண்டுப் பாடத்தில் இந்த ஒரு பக்கம் இருந்தால் தேர்வாளர்களும் படித்திருப்பார்கள்.

நொய்யல்

எல்லோரும் உச்சரிப்பிலேயே நிற்கிறீர்கள், நான் இலக்கணத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் பகலில் கல்லூரி, மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் என்று இருந்த காலத்தில், ஒரு காலை வகுப்பில் ஆசிரியர் 'ஆங்கிலத்துக்கு எதிர்காலம் என்ற காலமே கிடையாது' என்றார். தமிழில் செய்தான், செய்கிறான், செய்வான் என்று வினைக்குள்ளேயே மூன்றும் தெரிகின்றன. ஆங்கிலத்தில் 'வாக்', 'வாக்ட்' என்று வினைச்சொல் இரண்டு காலத்துக்கு மட்டுமே உருமாறுகிறது. 'வில்' என்பது 'கேன்', 'மே', 'மஸ்ட்' ஆகியவற்றின் வரிசையில் நிற்கும் துணைவினை. கதவு தட்டப்படும்போது 'தட் வில் பி த போஸ்ட்மேன்' என்றால் தபால்காரர் இப்போதே வாசலில் நிற்கிறார். நாளைக்குப் புறப்படும் ரயிலையோ நிகழ்கால வினையாலேயே சொல்லலாம். குவர்க் முதலிய நால்வர் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணமும் வினையின் உருமாற்றத்தையே அளவாகக் கொண்டு, காலம் இரண்டே என்கிறது.

அன்று மாலை என் டியூஷன் அறைச் சுவரில் வழக்கம்போலப் பன்னிரண்டு கட்டங்களோடு ஆங்கில வினைக்கால அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குப் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பாடம் நடத்தினேன். 'வில்' வந்தால் 'வுட்' என்றும், 'கேன்' வந்தால் 'குட்' என்றும் மாற்ற வேண்டும் என்றேன். அவள் அட்டவணையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'அக்கா, நிகழ்காலம்தான் இறந்தகாலமா மாறும்னு சொன்னீங்க. "வில்" மாறுதுன்னா அது நிகழ்காலமா?' என்று கேட்டாள்.

ஆம் என்றுதான் சொன்னேன், ஏன் என்றும் விளக்கினேன், அவளுக்குப் புரியவும் செய்தது. ஆனால் அவள் பள்ளித் தேர்வில் 'வில்' வரும் வாக்கியத்தைக் கொடுத்து அதன் காலத்தின் பெயரைக் கேட்பார்கள், அதற்கு எதிர்காலம் என்று எழுதினால்தான் மதிப்பெண். மொழியியல் படித்துவிட்டுப் பள்ளியில் கற்பிக்கும் உறுப்பினர்கள் இங்கே இருந்தால், இந்த இடத்தில் பிள்ளைகளிடம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.